கடதாசி ஆடிய கணித மேதை: ஸ்ரனிஸ்லாவ் உலாம்

சூது என்னும் சொல்லைக் கேட்டவுடனே தமிழ் படித்தோர் நெஞ்சில் நளனும் தருமனும் வந்து நிற்பர். நாடிழந்து, நகரிழந்து, மனையாளோடு கானகம் புகுந்த கதைகளையே நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். வள்ளுவப் பெருந்தகையும் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து அதனைக் கடிந்துரைத்தார். முப்பது ஆண்டுக்கு மேலாக வகுப்பறையில் நின்று அக்கடிதலையே எடுத்துரைத்து வருபவன் யான். ஆயினும், எதிராளியின்றி, பணயமுமின்றி, நோய்ப்படுக்கையினின்றும் எழுந்த ஒருவர் பொழுது போக்கும் பொருட்டுக் கடதாசி பரப்பியாடி, அவ்வாட்டத்தினின்றும் உலகெலாம் இன்று கையாளும் கணக்கு முறையொன்றைக் கண்டெடுத்தார் என அறிந்தபோது, அவர்தம் வரலாற்றை நம் மாணவர்க்கும் இலக்கிய அன்பர்க்கும் எடுத்துரைத்தல் தகும் என எண்ணினேன். அவர் போலந்து நாட்டினராய்ப் பிறந்து அமெரிக்கராய் மறைந்த ஸ்ரனிஸ்லாவ் உலாம் என்னும் கணித மேதையாவார்.

உலாம் 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் திகதி லெம்பேர்க் நகரிற் பிறந்தார். அந்நகரின் பெயரே ஒரு வரலாறு கூறும். அவர் பிறந்தகாலை அது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது; முதல் உலகப் போரின் பின் லுவோவ் எனப் பெயர் பெற்றுப் போலந்தின் பகுதியாயிற்று; இன்று லிவிவ் என்னும் பெயரோடு உக்ரேயினில் உள்ளது. அவர் தந்தையார் யூசெப் உலாம் வழக்கறிஞர். வளமிக்க யூதக் குடும்பத்தினர். மைந்தர் இளமையிலேயே வானியலிலும் கணிதத்திலும் வேட்கை கொண்டார். அந்நகரத்துப் பல்தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, கூரதோவ்ஸ்கி என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் 1933 ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பொழுது அவர்க்கு வயது 24.

லுவோவ் நகரில் அக்காலத்து ஸ்கொற்றிஷ் கபே என்னும் கோப்பிக்கடையொன்று இருந்தது. பனாக், மசூர் முதலாய கணிதப் பேரறிஞர் அங்குக் கூடி மணிக்கணக்காக வாதிடுவர். சலவைக்கல் மேசைமீதே பென்சிலால் எழுதுவர். கடைக்காரர் துடைத்ததும் அத்தனையும் அழிந்துபோம். இதனைக் கண்டு பனாக்கின் மனைவியார் தடித்த கொப்பியொன்றை வாங்கிக் கடையில் வைத்தார். 1935 ஆம் ஆண்டு தொடங்கித் தீர்வு காணாத வினாக்கள் அதில் எழுதப்பட்டன. தீர்ப்போர்க்குப் பரிசும் குறிக்கப்பட்டது. மசூர் விடுத்த வினாவொன்றுக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு. அவ்வினா 1972 ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டுக் கணிதர் ஒருவராற் தீர்க்கப்பட, அவர்க்கு அவ்வாத்து முறைப்படி வழங்கப்பட்டது. அறிவும் விளையாட்டும் வேறு வேறு எனப் பிரித்துப் பாராத அக்கூட்டத்தில் உலாம் இளையவராய் அமர்ந்து வளர்ந்தார். பிற்காலத்து அவர் செய்த செயலுக்கு வித்து அம்மேசையிலேயே ஊன்றப்பட்டது என்பது என் துணிபு.

1935 ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன் வொன் நொய்மன் என்னும் ஹங்கேரிய மேதையின் அழைப்பை ஏற்று உலாம் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் நகருக்குச் சென்றார். பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக அமர்ந்தார். கோடைதோறும் தாயகம் மீள்வது அவர் வழக்கம். 1939 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், பதினேழு வயதுத் தம்பி ஆதாமை உடனழைத்துக்கொண்டு, பற்றோரி என்னும் கப்பலில் ஏறினார். தந்தையார் துறைமுகத்தில் நின்று வழியனுப்பினார். சின்னாளிற் போர் மூண்டது. தந்தையாரையும் உடன்பிறந்தாளாய ஸ்தெபானியாவையும் மைந்தர் இருவரும் மீண்டும் காணவில்லை. நாசியர் நிகழ்த்திய யூதப் படுகொலையில் அவர்கள் மாண்டனர். உலாமுக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் ஒருவரான ஸ்தோசெக் 1941 ஆம் ஆண்டு யூலை மாதம் லுவோவ் பேராசிரியர் பலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். பனாக் போர்க்காலத்தைக் கடந்தும் 1945 ஆம் ஆண்டிலேயே நோயால் இறந்தார். கோப்பிக்கடைக் கொப்பி மாத்திரம் அழியாது எஞ்சியது. அதன் படியொன்று பின்னாளில் உலாமின் கையை அடைய, அவர் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து உலகறியச் செய்தார். இறந்துபட்ட ஆசான்மார்க்கு அவர் இறுத்த கடன் அதுவெனலாம்.

அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த உலாம், 1941 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டினரான பிரான்சுவாஸ் ஆரொன் அம்மையாரை மணந்தார். 1944 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூ மெக்சிக்கோ மலைநாட்டில் மறைவாக அமைந்திருந்த லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தார். அணுக்குண்டு ஆக்கப்பட்ட இடம் அதுவே. போர் முடிந்தபின் அவ்விடம் நீங்கி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் பதவியேற்றார்.

1946 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரிற்றான் அவர் வாழ்வில் பேரிடர் நேர்ந்தது. ஒரு நாள் கடுந்தலைவலி கண்டது, பேச்சுக் குழறிற்று, சொல்ல எண்ணிய சொல் நாவில் எழவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மண்டையோட்டைத் துளைத்து நோக்கிய சத்திரவைத்தியர், மூளை வீங்கிச் சிவந்திருக்கக் கண்டு, அக்காலத்தில் புதிதாய் வழக்குக்கு வந்த பெனிசிலின் மருந்தை இட்டார். உலாம் சில நாள் உணர்வற்றுக் கிடந்து பின் கண் விழித்தார். உயிர் மீண்டது. ஆனால் அறிவு மீண்டதோ என்னும் ஐயம் அவரை வாட்டிற்று. உடலுழைப்பாளன் ஒருவன் கையை இழந்தேனோ என அஞ்சுவது போன்றது அவ்வச்சம். கணிதமன்றி வேறு பற்றுக்கோடு அவர்க்கில்லை; தாயகமும் தந்தையும் முன்னரே போயின.

வைத்தியர் ஒரு நாட் காலை அவரை நோக்கிப் பதின்மூன்றும் எட்டும் எத்துணையென வினவினார். அத்தகைய வினாவைத் தம்மிடம் வினவும் நிலை வந்ததே என நாணி, உலாம் விடையிறாது தலையசைத்தார். உடனே வைத்தியர் இருபதின் வர்க்கமூலம் யாதென வினவ, ஏறத்தாழ 4.4 என்றார் உலாம். வைத்தியர் மௌனமாயிருந்தார். விடை சரியன்றோ என நோயாளர் கலங்கிக் கேட்க, அது தமக்குத் தெரியாதென வைத்தியர் நகைத்தார். பின்னர் ஏர்டோஷ் என்னும் கணிதர் வந்து அவரோடு சதுரங்கம் ஆடினார். உலாம் வென்றார். நோயாளரென இரங்கி விட்டுக்கொடுத்தனரோ என்னும் ஐயம் அப்பொழுதும் எழுந்தது. மீண்டும் ஆடினர், மீண்டும் வென்றார். ஏர்டோஷ் மெய்யாகவே ஆடித் தோற்றார் என உணர்ந்து உலாம் தெம்படைந்தார் என்பர்.

இங்ஙனம் உடல்நலம் தேறி வீட்டிலிருந்த நாட்களிலேயே அவர் தனியாட்டம் ஆடத் தொடங்கினார். ஒருவர் தனித்திருந்து ஆடும் கடதாசி விளையாட்டை ஆங்கிலர் பொறுமையெனப் பொருள்படும் பேஷன்ஸ் என்னும் பெயரால் அழைப்பர். அமெரிக்கர் தனிமை என்னும் பொருள் தோன்றச் சொலிற்றெயர் என்பர். பிரெஞ்சு மக்கள் வெற்றி எனப் பொருள்படும் பெயரொன்றையும் அதற்கு இட்டு வழங்குவர். பொறுமை, தனிமை, வெற்றி என்னும் மூன்று சொல்லும் உலாமின் அந்நாளைய நிலைக்கு எத்துணைப் பொருந்துகின்றன என்பதை அன்பர் உய்த்துணர்க. நம் ஊர்களில் நால்வரும் அறுவரும் கூடியிருந்து ஆரவாரத்தோடு ஆடும் முந்நூற்றுநாலு போன்றதன்று இது. இங்கே எதிராளி கடதாசியின் வைப்பு ஒழுங்கே.

அவர் ஆடியது கான்பீல்ட் எனப்படும் ஆட்டவகை. 1855 ஆம் ஆண்டு பிறந்து 1914 ஆம் ஆண்டு மறைந்த ரிச்சட் கான்பீல்ட் என்னும் அமெரிக்கச் சூதாட்டவிடுதி உரிமையாளரின் பெயர் அது. தம்மிடம் வருவோர்க்கு அவர் கடதாசிக் கட்டொன்றை ஐம்பது டொலருக்கு விற்று, ஆட்டத்தில் மேலேறும் ஒவ்வொரு கடதாசிக்கும் ஐந்து டொலர் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. பத்துக் கடதாசி ஏறினாலன்றி முதல் மீளாது. ஆங்கில நாட்டார் இவ்வாட்டத்துக்குப் பேய் என்னும் பொருளுடைய பெயரிட்டனர், அத்துணைக் கடுமையுடையது.

ஆடும் முறை இதுவாகும். 52 கடதாசிகளையும் நன்கு கலைத்து, முதற்கண் 13 கடதாசிகளை ஒரு குவியலாக வைத்தல் வேண்டும். அதன் மேற்கடதாசி மாத்திரமே ஆட்டத்துக்கு உதவும். அடுத்த கடதாசி அடித்தளமாக மேலே வைக்கப்படும். அதே எண்ணுடைய ஏனை மூன்றும் வெளிப்படுந்தோறும் அதனருகே அமரும். இந்நான்கின் மேலும் அவ்வவ்வினக் கடதாசிகள் ஏறுவரிசையிற் சேரல் வேண்டும். இராசாவின் பின் ஆசு வரும். கீழே நான்கு கடதாசிகள் நான்கு நிரைகளுக்குத் தொடக்கமாகும். அந்நிரைகளிற் சிவப்பின்மேற் கறுப்பும் கறுப்பின்மேற் சிவப்புமாக இறங்குவரிசையில் அடுக்கலாம். எஞ்சிய 34 கடதாசிகளும் கையிலிருந்து மும்மூன்றாகப் புரட்டப்படும். நிரையொன்று வெறுமையாயின் 13 கடதாசிக் குவியலிலிருந்தே அதனை நிரப்புதல் வேண்டும். அனைத்துக் கடதாசிகளும் மேலேறின் வெற்றி. பெரும்பாலும் ஆட்டம் நடுவழியில் முடங்கிவிடும். வேண்டிய கடதாசி அக்குவியலின் அடியிலே புதைந்து கிடக்கும்.

பிறராயின் சலித்து மீண்டும் கலைத்திருப்பர். உலாமோ ஒரு வினாவை எழுப்பினார். கலைத்து வைத்த கட்டொன்று வெற்றியில் முடிதற்குரிய வாய்ப்பு எத்துணை? முறைப்படி கணக்கிட்டு விடை காண முயன்றார், நெடுநேரம் முயன்றார். 52 கடதாசிகளை வரிசைப்படுத்தக்கூடிய வகைகளின் தொகை 68 இலக்கங்களையுடைய பேரெண். ஒவ்வோர் அடியிலும் எடுக்கும் முடிவுகளோ மேலும் கிளைத்துச் செல்லும். தூய கணக்கினால் அக்காட்டைக் கடத்தல் இயலாதென அவர் கண்டார். அப்பொழுது எளியதோர் எண்ணம் உதித்தது. நூறு முறை கடதாசியைப் பரப்பி ஆடி, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிட்டாற் போதாதா? முழுமையை அளக்க இயலாதவிடத்து, கண்மூடி எடுத்த சில மாதிரிகளைக் கொண்டு முழுமையை மதிப்பிடலாம் அன்றோ?

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. தரையிற் கீறிய கோடுகளின்மேல் ஊசியை எறியும் வாய்ப்பு வினாவைப் பிரான்சு நாட்டுப் பூபோன் 1777 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருந்தார். நம் நளன் கதையிலும், இருதுபன்னன் தான்றிமரத்தின் காய்களைத் தொட்டெண்ணாமலே தொகை கூறி, அவ்வெண்ணறிவையும் சூதின் நுட்பத்தையும் ஒருங்கே நளனுக்கு உணர்த்தக் காண்கின்றோம். உலாம் அக்கதையை அறிந்திருந்தார் எனக் கூற வரவில்லை. சூதறிவும் அளவறிவும் உடன்பிறந்தவை என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

உலாமின் பெருமை யாதெனின், இவ்வெண்ணத்தைக் கடதாசியோடு விட்டுவிடாமையே. மாதிரி முறைக்கு ஒரு குறையுண்டு. நூறு ஆட்டம் ஆடிப் பெறும் விடை நூற்றுக்கு ஐந்தளவு முன்பின்னாகத் தவறலாம். அத்தவற்றைப் பத்திலொன்றாய்க் குறைத்தற்கு ஆட்டங்களை நூறு மடங்காக்கிப் பதினாயிரம் முறை ஆடவேண்டும். மனிதர்க்கு அஃது இயலாது. ஆனால் 1946 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிலடெல்பியா நகரில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகறிய வெளியிடப்பட்டிருந்தது. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறி சலியாது. அதனிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் என்ன என்று உலாம் சிந்தித்தார்.

அவ்வாண்டிலேயே லொஸ் அலமோசுக்கு மீண்ட உலாம், அங்கிருந்து லேமி புகையிரத நிலையத்துக்கு அரசாங்க மோட்டார்வண்டியிற் செல்லும்போது வொன் நொய்மனோடு இதனைப் பற்றி நெடிது உரையாடினார். அணுக்கருத் துகளான நியூத்திரன் பொருளொன்றினுட் புகுந்தால் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே மோதும், மோதியபின் திசைமாறுமோ, உறிஞ்சப்படுமோ, கருவைப் பிளந்து புதிய நியூத்திரன்களைப் பிறப்பிக்குமோ என்பன ஒவ்வொன்றும் வாய்ப்பைப் பொறுத்தவை. கலைத்த கட்டிலிருந்து கடதாசி எடுப்பது போல் எழுமாறாக எண்களை எடுத்து ஒவ்வொரு நியூத்திரனின் வாழ்க்கையையும் நடத்திக் காட்டலாம். பல்லாயிரம் வாழ்க்கைகளை எண்ணி முழுமையை மதிப்பிடலாம். 1947 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வொன் நொய்மன் இம்முறையை விரிவாகக் கடிதத்தில் வரைந்தார். 1948 ஆம் ஆண்டு எனியாக் பொறியில் அது நடைமுறைக்கு வந்தது. பொறிக்குரிய கட்டளைகளை ஆக்கியதில் வொன் நொய்மனின் துணைவியார் கிளாரா அம்மையாரின் பங்கு பெரிது.

இம்முறைக்கு மொன்ரி கார்லோ எனப் பெயரிட்டவர் உடன் உழைத்த மெற்றோபொலிஸ் ஆவார். உலாமின் உறவினர் ஒருவர் உற்றாரிடம் கடன் வாங்கிக்கொண்டு அப்பெயர் பெற்ற சூதாட்ட நகருக்குச் செல்லும் இயல்பினர் என்பதே அப்பெயர்க்குக் காரணம். 1949 ஆம் ஆண்டு மெற்றோபொலிசும் உலாமும் இணைந்து அப்பெயராலேயே கட்டுரை வெளியிட்டனர். இன்று புற்றுநோயாளர்க்குச் செலுத்தும் கதிர்வீச்சின் அளவைக் கணித்தல், வானிலையின் ஐயப்பாட்டை மதிப்பிடல், வணிகத்தில் நட்ட இலாப வாய்ப்புகளைத் தூக்கிப் பார்த்தல் முதலாய பலவற்றுக்கும் இம்முறை கருவியாய் நிற்கின்றது. உலாம் எழுப்பிய வினாவுக்கும் இம்முறையே விடை தந்தது. அண்மையில் ஸ்கொற்லாந்தின் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், கட்டுகளை எழுமாறாகக் கலைத்துக் கணினியால் ஆராய்ந்து, கடதாசிகள் கிடக்கும் இடமெல்லாம் அறிந்து பிழையின்றி ஆடுவார்க்கு நூற்றில் ஏறக்குறைய 71 கட்டுகள் வெற்றி தரும் எனக் கண்டனர். அடியிற் கிடப்பது யாதெனக் காணாது ஆடும் நம்மனோர் தோல்விகளுட் பலவும் விதியால் நேர்ந்தனவல்ல என்பது இதனாற் புலனாம்.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. இம்முறை முதலிற் பயன்பட்டது நோய் தீர்த்தற்கன்று; அணுப்படைக்கலக் கணக்குக்கே. ஐதரசன் குண்டுக்கு எட்வேட் ரெல்லர் வகுத்த முதல் திட்டம் நிறைவேறாதெனக் கணக்கால் நிறுவியவர் உலாமும் எவரெற் என்பாருமாவர். அவ்வளவில் நின்றிருப்பின் நன்று. 1951 ஆம் ஆண்டு அது நிறைவேறுதற்குரிய புதிய வழியைத் தொடக்கி வைத்தவரும் உலாமே. 1952 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி பசுபிக் பெருங்கடலின் எனிவெற்றொக் பவளத்தீவுக் கூட்டத்தில் நிகழ்ந்த வெடிப்பினால் ஒரு தீவு இருந்த சுவடின்றி மறைந்தது. இயற்கையின் நிகழ்வைக் கணக்கிடுதலிற் குற்றமில்லை என்பது உலாமின் கருத்து. அதனை என் உள்ளம் முற்றும் ஏற்க மறுக்கின்றது. பணயமின்றி ஆடிய கடதாசியிற் பிறந்த கலை, மக்களுயிரையே பணயமாக வைக்கும் ஆட்டத்துக்கும் துணைபோயிற்று. தந்தையையும் உடன்பிறந்தாளையும் கொடியோர்க்குப் பறிகொடுத்த ஒருவர் படைக்கலத்தைப் பற்றி எண்ணியதை, அத்துயர் அறியாத நாம் எளிதிற் பழித்தலும் தகாது. எனினும் கற்றது எதற்குப் பயன்படும் என்னும் வினாவைக் கற்றவர் கைவிடலாகாது என்பதை மாணவர் உளங்கொளல் வேண்டும்.

பிற்காலத்தும் உலாமின் விளையாட்டு மனம் மாறவில்லை. 1963 ஆம் ஆண்டு சலிப்பூட்டும் பேருரையொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கையில், தாளிற் கட்டங்கீறி எண்களைச் சுருளாக எழுதிப் பகா எண்களை வட்டமிட்டார். அவை சாய்ந்த கோடுகளில் நிரல்பட நிற்கக் கண்டு வியந்தார். உலாம் சுருள் என அது வழங்குகின்றது. 1967 ஆம் ஆண்டு லொஸ் அலமோஸ் பணியினின்றும் நீங்கிக் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் கணிதத்துறைக்குத் தலைமை பூண்டார். 1976 ஆம் ஆண்டு தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். 1984 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி, 75 ஆம் வயதில், சாந்தா பே நகரில் மாரடைப்பால் உயிர்நீத்தார். அவர் எச்சம் பாரிசு நகரத்து மொன்பர்னாஸ் இடுகாட்டில், துணைவியாரின் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டுள்ளது.

விளையாட்டு யாவும் வீண் எனக் கடிவோர்க்கும், விளையாட்டிலேயே காலம் கழிப்போர்க்கும் இவர் வாழ்க்கையில் ஒரு பாடமுண்டு. கடதாசியை ஆடினோர் கோடிக்கணக்கானோர். ஆடுகையில் வினாவெழுப்பி, அவ்வினாவுக்கு விடை காணமாட்டாமையை ஒப்புக்கொண்டு, எண்ணிப் பார்ப்போம் எனத் துணிந்தவர் இவர் ஒருவரே. மூளை நலிந்ததோ என அஞ்சிய நாட்களில் இதனைச் செய்தார் என்பதையும் மறத்தலாகாது. தேர்விலே தவறியதும் அறிவே தேய்ந்ததென மனமுடையும் இளைஞர் நம்மிடைப் பலர். பதின்மூன்றையும் எட்டையும் கூட்டுமாறு கேட்கப்பட்டு நாணித் தலையசைத்த அம்மனிதரின் கதையை அவர்க்கு எடுத்துச் சொல்லுதல் ஆசிரியர் கடனாகும்.